முருங்கையை நான் வைத்த இடம்

தாளில் செடியை ஒட்டுவதும் தைப்பதும் ஒரு மாதத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். எந்தத் தண்டுக்கு நூல், எந்த இலைக்குப் பசை என்று விரலே சொல்லும். அதற்கு நான் தேவையில்லை. உலர்செடிக் காப்பகமான நம் ஹெர்பேரியத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் நான் எழுதிவைக்க நினைப்பது ஒரே ஒரு சம்பவம். அதில் தப்பு என்னுடையது. ஆகவே அதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். அரியாங்குப்பத்திலிருந்து பஸ் ஏறி, பாலம் தாண்டி, இருபத்தாறு வருடம் இந்த வேலைக்கு வந்தேன். கண் பார்வை ஊசிக்கு ஒத்துழைக்காமல் போனதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். வேலையில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆள்களிடம்தான் கூச்சம். கூட்டம் போட்டால் கடைசி நாற்காலியில் உட்காருவேன். பொறுப்பாளரான மேடத்திடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் செல்வியை முன்னால் அனுப்புவேன். செல்வி குருசுக்குப்பத்துப் பெண், ஒப்பந்த ஊழியர். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவள். அவளுக்கு வாயும் பெரிசு, மனசும் பெரிசு.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உலர்த்திய செடியைத் தாளில் தைக்கிறோம். ஒரே இனத்துத் தாள்களை ஒரு கவரில் போடுகிறோம். கவர்களைக் குடும்பம் குடும்பமாக பீரோவில் அடுக்குகிறோம். அவரை ஒரு குடும்பம், கடுகு ஒரு குடும்பம். இதுவரை உங்களுக்கும் தெரியும். அதற்கு மேலே ஒன்று உண்டு. பல குடும்பங்களைச் சேர்த்து ஓர் ஆர்டர். பாடப் புத்தகத்தில் துறை என்று போட்டிருக்கும். நான் மனதுக்குள் அதை வகையறா என்றுதான் சொல்லிக்கொள்வேன். குடும்பம் ஒரு வீடு என்றால் ஆர்டர் ஒரு வகையறா. எந்தெந்த வீடுகள் ஒரே வகையறா என்பதைப் பொறுத்துத்தான் எந்த பீரோ எந்த பீரோவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது முடிவாகும்.

நான் சேர்ந்தபோது இங்கே இருந்தது பழைய முறை. இதழ் தனித்தனியா சேர்ந்தா, சூலகம் மேலேயா கீழேயா என்று பூவைக் கண்ணால் பார்த்து வகுத்தது. உலகமெல்லாம் அப்படித்தான் அடுக்கி வைத்திருந்தார்கள். பிறகு செடிகளின் மரபணுவைப் படிக்க ஆரம்பித்தார்கள். படித்தபோது பல வீடுகள் தப்பான தெருவில் இருப்பது தெரிந்தது. ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருந்த சில குடும்பங்களுக்கு நடுவில் ஒரு சம்பந்தமும் இல்லை. முகமே பார்த்திராத சில குடும்பங்கள் பங்காளிகளாக இருந்தன. ஊரடங்கு முடிந்த மறு வருடம் மேடம் முடிவெடுத்தார்: நம் ஹெர்பேரியத்தையும் புது முறைக்கு மாற்றுவது.

மேடம் எனக்குப் பத்து வயது இளையவர். சொன்னால் செய்துவிடுவார். ஆனால் செய்வது நானும் செல்வியும். எல்லா பீரோவும் நிறைந்திருக்கும்போது ஒரு குடும்பத்தை நகர்த்த வேண்டுமென்றால் இன்னொரு குடும்பத்தை எழுப்ப வேண்டும். அதை உட்கார வைக்க மூன்றாவது ஒன்றை எழுப்ப வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி, ஒருவர் எழுந்தால்தான் ஒருவர் உட்காரலாம். மேடம் கம்ப்யூட்டரில் அடித்த ஒரு லிஸ்ட் கொடுத்திருந்தார். எந்தக் கவர் எந்த பீரோவிலிருந்து எந்த பீரோவுக்கு என்று அதில் இருக்கும். வைத்தவர் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது விதி.

எங்கள் பழக்கம் வேறு. பெரும்பாலும் நான் தூக்கிப் போய் வைப்பேன், சில சமயம் செல்வியும் வைப்பாள். கையெழுத்து மட்டும் எப்போதும் அவள்தான். என் இங்கிலீஷ் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். மேடம் பார்க்கிற நோட்டில் அதை எழுத எனக்கு வெட்கம். செல்வி சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே முப்பது நாற்பது வரிக்கு மொத்தமாகப் போட்டுவிடுவாள். இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருந்தது. சௌகரியமாக இருப்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் வாரத்தில் லிஸ்டில் இரண்டு தப்புகளைக் கண்டுபிடித்தேன். ஒரு குடும்பம் இரண்டு இடத்தில் வந்திருந்தது. ஒரு கோரைப் புல் கவர் தவறான பீரோ எண்ணில் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் சரியான இடத்தில் வைத்துவிட்டேன். பிற்பாடு மேடமே அதைக் கண்டுபிடித்து, லிஸ்டில் தப்பு இருந்தும் சரியாக வைத்திருக்கிறீர்களே என்று எங்கள் இரண்டு பேரையும் பாராட்டினார். செல்வி என்னைக் காட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் உள்ளுக்குள் நிமிர்ந்துவிட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் முருங்கை வந்தது.

லிஸ்டில் பப்பாளிக்கும் கடுகுக்கும் நடுவில் முருங்கை என்று இருந்தது. மூன்றும் ஒரே ஆர்டர். நான் இரண்டு முறை படித்தேன். பப்பாளிக்கும் முருங்கைக்கும் என்ன உறவு? முழங்கால் உயரத்துக்கு வருகிற கடுகுச் செடிக்கும் மரத்துக்கும் என்ன உறவு? டைப் செய்தவர் ஒரு வரியை மாற்றிப் போட்டிருக்கிறார் என்று தீர்மானித்தேன். இருபத்தைந்து வருடமாகப் பழைய வரிசையில் முருங்கை அவரைக் குடும்பத்துக்கு ஒட்டினாற்போல இருந்தது. நீளமான காய். உள்ளே வரிசையாக விதை. அகத்தி மாதிரியே சின்னச் சின்ன இலை. கையில் தைத்தவளுக்குத் தெரியாதா? கவரை எடுத்துப் போய் அவரைக் குடும்பத்தில், அகத்திக் கவருக்குப் பக்கத்தில் வைத்தேன். சாயங்காலம் செல்வி, லிஸ்டில் இருந்தபடி கடுகு பீரோ எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அவரைக் குடும்பம் எங்களிடம் பதினொரு பீரோ. அதற்குள் போன ஒரு கவர் கடலில் போட்ட கல்.

பதினொரு மாதம் யாரும் முருங்கையைக் கேட்கவில்லை. முருங்கையைப் பார்க்க யார் ஹெர்பேரியத்துக்கு வரப்போகிறார்கள்? கொல்லைக்குப் போனால் போதும். ஒரு திங்கட்கிழமை சேலம் பக்கத்திலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் வந்தார். அவர் தேடியது காட்டு முருங்கை, அதன் தாளும் முருங்கைக் கவருக்குள்தான் இருக்கும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் சேகரித்த ஒரு தாள் எங்களிடம் இருப்பதாகப் பழைய பதிவேட்டில் பார்த்திருக்கிறார். அதைச் சேகரித்த இடத்தில் அந்த மரம் ஒரு காலத்தில் இருந்தது என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி. வெள்ளிக்கிழமை வரை தங்கிப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்.

கடுகு பீரோவைத் திறந்தோம். பப்பாளி இருந்தது. கடுகு இருந்தது. நல்வேளைச் செடி இருந்தது. முருங்கை இல்லை.

"முருங்கைதானக்கா" என்றாள் செல்வி என் காதில். "எங்க ஊட்டாண்ட ரெண்டு கெள ஒடிச்சு ஒட்டிக் குடுத்துடலாம்."

அன்று சாயங்காலம் வரை அது வேடிக்கையாக இருந்தது. பக்கத்து பீரோக்களைப் பார்த்தோம். பழைய இடத்தைப் பார்த்தோம். மேடமே வந்து அவரைக் குடும்பத்து பீரோக்களில் முதல் இரண்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். நானும்தான் தேடினேன். சத்தியமாகத் தேடினேன். நீங்கள் கேட்கலாம், வைத்தவளுக்கு எப்படி மறந்தது என்று. தப்பு செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் நினைவில் நிற்கும். நான் சரி செய்வதாக நினைத்துச் செய்தேன். ஆயிரம் கவரில் அதுவும் ஒன்றாகப் போய்விட்டது. தவிர, நோட்டில் கடுகு பீரோ என்று எழுதியிருந்தது. எழுத்தில் இருப்பதைப் பார்த்ததும் நானும் அங்கேதான் வைத்தோம் என்று நம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை விஷயம் நிர்வாக அலுவலரிடம் போனது. ஏ.ஓ. சார் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குச் செடி தெரியாது, கையெழுத்துதான் தெரியும். நோட்டை வரவழைத்தார். செல்வியைக் கூப்பிட்டார். நான் வேறொரு ஃபைலோடு கதவருகே நின்றிருந்தேன்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான் சார்."

"அப்ப வச்சது?"

"நான்தான் வச்சிருப்பேன் சார். கையெழுத்து இருக்குதே."

அவளுக்கும் நினைவில்லை. தன் கையெழுத்தைப் பார்த்துத் தானே நம்பிவிட்டாள். ஏ.ஓ. அடுத்துக் கேட்டது வேறு. செடி உலர்த்திய பழைய பேப்பரை அவள் வீட்டுக்கு எடுத்துப் போவதுண்டாமே என்றார். மேடத்திடம் கேட்டுத்தான் எடுத்துப் போவாள், அடுப்பு பற்ற வைக்க. அதை அவள் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டார். பழைய பிரெஞ்சு லேபிள் ஒட்டிய தாளுக்கு வெளியில் மதிப்பு இருக்கும் அல்லவா என்று பொதுவாகக் கேட்பது போல் கேட்டார். செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கிற ஃபைல் அவர் மேஜையில்தான் இருந்தது. தாள் கிடைக்கும் வரை அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி ஓரமாக நகர்த்தி வைத்தார். மாத முடிவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

அவள் வீட்டில் மாதா மாதம் தவறாமல் வருவது அவள் சம்பளம் மட்டும்தான். எனக்கு அது தெரியும். அவள் வெளியே வந்து என்னைப் பார்த்து, திருடின்னு சொல்லாம சொல்றாருக்கா என்றாள். நான் அவள் தோளைத் தொட்டேன்.

புதன்கிழமை மதியம் நானும் செல்வியும் மாணவரும் கீழே சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தோம். செல்வி எந்த நிலைமையிலும் பங்கு போட்டுத்தான் சாப்பிடுவாள். வீட்டு மரத்துப் பப்பாளியை அறுத்து மாணவருக்கும் எனக்கும் வைத்தாள். மாணவர் அவளைத் தேற்ற நினைத்தாரோ என்னவோ, பப்பாளியின் கறுப்பு விதை இரண்டை எடுத்து எங்கள் முன் வைத்தார்.

"கடிச்சுப் பாருங்கக்கா. முழுங்க வேண்டாம்."

கடித்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மூக்குக்கு ஏறியது.

"கடுகு" என்றாள் செல்வி. "கடுக மென்ன மாதிரியே இருக்குது."

"முருங்கை வேரும் இதே காரந்தானுங்க. கண்ணுக்கு மூணும் வேற வேற. நாக்குக்கு ஒண்ணு. மரபணுவும் நாக்கு சொல்றதத்தான் சொல்லுது. அதனாலதான் ஒரே ஆர்டர்ல வச்சிருக்காங்க."

செல்வி விதையைத் துப்பினாள். "அப்ப முருங்கக்கா சாம்பாருக்குக் கடுகு தாளிக்கிறப்பவே சொந்தக்காரங்கள ஒண்ணு சேத்துடுறமா?"

மாணவர் சிரித்தார். இரண்டு நாளில் முதல் முறையாக அவளும் சிரித்தாள். எனக்கு நாக்கு எரிந்தது. பப்பாளிக்கும் கடுகுக்கும் நடுவில் முருங்கை. லிஸ்டில் அந்த வரி கண்ணெதிரே வந்து நின்றது. டைப் செய்தவர் ஒன்றும் மாற்றிப் போடவில்லை. அந்த வரியைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் என்பதும், எந்தத் தட்டில் வைத்தேன் என்பதும் அந்த நொடியில் நினைவுக்கு வந்துவிட்டது.

கை கழுவுவது போல் எழுந்து மாடிக்குப் போனேன். அவரைக் குடும்பத்து பீரோக்களில் ஏழாவது. மேலிருந்து மூன்றாவது தட்டு. அகத்திக் கவருக்கு அடுத்து முருங்கைக் கவர் நிம்மதியாகப் படுத்திருந்தது. பீரோவை மூடினேன். கீழே வந்து டிபன் டப்பாவைக் கழுவினேன்.

அன்று நான் சொல்லவில்லை. வியாழக்கிழமையும் சொல்லவில்லை. இதை எழுதும்போது எனக்குப் பூசி மெழுகத் தோன்றவில்லை. நிரந்தர வேலையில் இருப்பவள் நான். எனக்கு ஒரு மெமோ வரும், அவ்வளவுதான். மெமோவுக்கு நான் பயப்படவில்லை. நாலு பேருக்கு நடுவில் நின்று, எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பேச வேண்டும் என்பதற்குப் பயந்தேன். உங்களில் பேச்சு சுலபமாக வருகிறவர்களுக்கு இது புரியாது. வராதவர்களுக்குப் புரியும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் செல்வி மேடத்தின் அறைக்குப் போய்விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சீக்கிரமே பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் ஒரு திட்டம். முருங்கைக் கவரை எடுத்துக் கடுகு பீரோவில் பப்பாளிக்கு அடியில் வைத்துவிட வேண்டும். பத்து மணிக்கு நானே தேடுவது போல் தேடி, இதோ இருக்கிறதே என்று சொல்லிவிட வேண்டும். தாள் கிடைத்துவிடும். மாணவர் பார்த்துவிட்டு ஊருக்குப் போவார். ஃபைலில் கையெழுத்தாகிவிடும். யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம்.

கவரை எடுத்துக்கொண்டு நடந்தேன். கடுகு பீரோவைத் திறந்து பப்பாளிக் கவரைத் தூக்கி, இடம் செய்து, இதை உள்ளே பாதி நுழைத்தும்விட்டேன். அப்போதுதான் கை நின்றது.

இதே தட்டை மேடம் பார்த்திருக்கிறார். மாணவர் நாலு முறை பார்த்திருக்கிறார். நானும் செல்வியும் எல்லாக் கவரையும் வெளியே எடுத்து மேஜையில் பரப்பிப் பார்த்திருக்கிறோம். இப்போது இங்கே இது இருந்தால் என்ன சொல்வார்கள்? கண்ணில் படாமல் இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பயந்துபோய்த் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள் என்பார்கள். ஏ.ஓ. சாருக்கு அதுவரை இருந்தது சந்தேகம். நான் இந்தக் கவரை உள்ளே தள்ளினால் அது தீர்ப்பாகிவிடும். தாளைக் காப்பாற்றி அவளைக் குழியில் தள்ளப் பார்த்தேன்.

கவரை வெளியே எடுத்தேன். திரும்ப நடந்து போய், அகத்திக்குப் பக்கத்தில், இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்தேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு கவரை, தவறு என்று தெரிந்தே தவறான இடத்தில் நான் வைத்தது அந்த ஒரு முறைதான். என் வேலையில் நான் எடுத்த மிகச் சரியான முடிவும் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

இதை நன்றாக மனதில் வையுங்கள். காணாமல் போன தாள் தவறான இடத்தில் கிடைத்தால் உடனே எடுத்துச் சரி செய்யாதீர்கள். அது எங்கே இருந்தது என்பதை நாலு பேர் பார்க்கட்டும். அது அங்கே எப்படிப் போனது என்பதை அந்த இடமே சொல்லும். எந்த நினைப்பில் ஒருவர் வைத்தார் என்று பக்கத்தில் இருக்கும் கவர் சொல்லும். இடத்தை மாற்றிவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

மேடம் வரும்வரை அவர் அறை வாசலில் நின்றேன். வந்ததும், "மேடம், கொஞ்சம் மேல வாங்க" என்றேன். நான் அவரிடம் முதலில் பேசியதே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். பையை வைக்காமல் கூடவே வந்தார். ஏழாவது பீரோவைத் திறந்து காட்டினேன்.

அவர் கவரைத் தொடவில்லை. குனிந்து பெயரைப் படித்தார். அகத்திப் பெயரைப் படித்தார். மறுபடி முருங்கையைப் படித்தார்.

"யார் வச்சது?"

"நான்தான் மேடம். லிஸ்ட் தப்புன்னு நெனச்சேன்."

"அகத்தி பக்கத்துல ஏன்?"

"எல ஒரே மாதிரி இருந்துது. காயும் நீளம். பழைய வரிசையில பக்கத்துலதான இருந்துது."

அவருக்குப் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய முறையில் முருங்கையை எதோடு சேர்ப்பது என்று புரியாமல் பெரிய பெரிய ஆட்களே திணறியிருக்கிறார்கள், அதனால்தான் தனியாக ஓர் ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள், நீங்கள் ஒரே நாளில் வீட்டுக்குள் அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டீர்கள் என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

இன்றைக்கு என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"முந்தாநாள்."

சிரிப்பு போய்விட்டது. "நேத்து செல்வி என் ரூம்ல வந்து அழுதாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். பீரோவை அப்படியே திறந்து வைக்கச் சொன்னார். ஏ.ஓ.வைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். "நீங்கதான் சொல்லணும். உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஏ.ஓ. வந்தார். மாணவர் வந்தார். செல்வி கடைசியாக வந்து பீரோவின் கதவுக்குப் பின்னால் நின்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அகத்திக் கவரைப் பார்த்துக்கொண்டே பேசினேன். லிஸ்டைப் படித்தது, நம்பாதது, யாரிடமும் கேட்காதது, இங்கே வைத்தது, செல்வி பார்க்காமல் கையெழுத்துப் போட்டது, அப்படிப் போடச் சொல்லிப் பழக்கியது நான் என்பது, புதன்கிழமையே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது. எதையும் விடவில்லை. ஆரம்பித்துவிட்டால் பேச்சு தானாக வருகிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு அத்தனை வருடம் ஆனது.

ஏ.ஓ. சார் செல்வி பக்கம் திரும்பினார். வைக்காததுக்குக் கையெழுத்து எப்படிப் போட்டீர்கள் என்றார். அவள் என் மேல் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தாலும் நியாயம்தான்.

"அது என் தப்பு சார். பாக்காம போட்டேன். இனிமே பாத்துதான் போடுவேன்."

இனிமே என்று அவள் சொன்னதை, வேலையில் தொடர்வாள் என்றே அவர் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, செல்வியின் கையெழுத்துக்குக் கீழே நடந்ததை என்னையே எழுதச் சொன்னார். கோழி கிளறிய எழுத்தில் அத்தனை பேர் பார்க்க எழுதினேன். எனக்கு மெமோ வந்தது. மறு புதன்கிழமை செல்வியின் ஃபைல் கையெழுத்தாகி வந்தது. மாதம் முடிய இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, எல்லாரும் கீழே இறங்கிய பிறகு நாங்கள் இரண்டு பேரும் மட்டும் மாடியில் இருந்தோம். முருங்கைக் கவரை எடுத்துக் கடுகு பீரோவுக்குக் கொண்டுபோக வேண்டும். செல்வி எடுத்தாள். எடுத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களும்கூடத்தானக்கா தேடுனீங்க."

"புதன்கெழம வரைக்கும் நெசமாத் தேடுனேன் செல்வி."

"வியாழக்கெழம?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கவரை வைத்துவிட்டு நோட்டில் எண்ணைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதன் பிறகு அவள் என்னோடு வேலையைத் தவிர வேறு பேசவில்லை. இந்தக் கவர், அந்தத் தட்டு, சரி, ஆச்சு. மதியம் தோட்டக்காரர்களோடு போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் சிரிக்கும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கும். நான் போய்ச் சமாதானம் பேசவில்லை. மன்னிப்புக் கேட்டேன், ஒரே ஒரு முறை. அதற்கு மேல் கேட்டால் மன்னிக்கச் சொல்லி அவளைத் தொந்தரவு செய்வதாகிவிடும். மிச்சமிருந்த இடம் மாற்றும் வேலை நடந்தது. நான் வைத்ததற்கு நானே கையெழுத்துப் போட்டேன்.

ஆறு வாரம் கழித்துத் தண்ணீர்ச் செடிகள் இருக்கும் கடைசி பீரோவுக்கு வந்தோம். தாமரைக் கவரைத் தூக்கிக்கொண்டு லிஸ்டைப் பார்த்தேன். பழைய முறையில் தாமரையும் அல்லியும் ஒரே குடும்பம். ஒரே தட்டு. லிஸ்டில் அல்லி முதல் பீரோவுக்குப் போயிருந்தது. தாமரையை எங்கேயோ நடுவில், மரங்களோடு போட்டிருந்தது. ஊட்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரம் இருக்கிறதே, அதன் ஆர்டரில்.

எனக்கு உடனே தோன்றியது பழையபடிதான்: வரி மாறிவிட்டது. ஒரே குளத்தில் இருப்பவை. இரண்டின் தண்டையும் நான் தைத்திருக்கிறேன். செல்வி எட்டி லிஸ்டைப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். என் கையிலிருந்த கவரை வாங்கி மேஜை மேல் வைத்தாள்.

"மேடத்த கேக்கலாம் வாங்க."

"நீ போயி கேளு" என்றேன், வாய்ப் பழக்கத்தில்.

"நான் கூட வந்து நிக்கிறேன். கேக்கறது நீங்க."

போனோம். கதவைத் தட்டினேன். லிஸ்டை நீட்டி, தாமரை இங்கே இருப்பது எனக்குத் தப்பாகத் தெரிகிறது மேடம் என்றேன். அவர் லிஸ்டைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தார். உட்காரச் சொன்னார். நுண்ணோக்கியில் இரண்டு கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கச் சொன்னார். முதலில் அல்லியின் மகரந்தம். பிறகு தாமரையின் மகரந்தம். தாமரையின் ஒவ்வொரு மணியிலும் மூன்று கீறல் இருந்தது. அல்லியில் அது இல்லை. பூக்கிற செடிகளில் அந்த மூன்று கீறல் உள்ளவையெல்லாம் ஒரு பெரிய கிளை. மாமரம், வேம்பு, அவரை, முருங்கை எல்லாம் அதில்தான் வருகிறது. அல்லி அதற்கு ரொம்ப முன்னாலேயே பிரிந்துவிட்டது. இரண்டும் தனித்தனியாகத் தண்ணீருக்கு வந்து, தண்ணீரில் வாழ்ந்து வாழ்ந்து ஒரே சாயல் ஆகிவிட்டன என்றார்.

"லிஸ்ட் சரி" என்றார் கடைசியில். "நீங்க கேட்டதும் சரி."

யோசித்துப் பார்த்தால் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். அல்லி இலையில் காம்பு வரைக்கும் ஒரு வெட்டு இருக்கும், தண்ணீர் மேல் படுத்திருக்கும். தாமரை இலை வெட்டே இல்லாத முழு வட்டம், தண்ணீருக்கு மேலே தூக்கி நிற்கும். அத்தனை வருடம் இரண்டையும் தைத்த கை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறது. நான்தான் கையைக் கேட்கவில்லை. கண் ஒன்று சொல்லும், நாக்கு ஒன்று சொல்லும், கை ஒன்று சொல்லும். எல்லாம் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகிற நேரத்தில்தான் நீங்கள் எழுந்து போய் ஒரு கதவைத் தட்ட வேண்டும். லிஸ்ட் சரியாக இருந்தாலும் சரி, தப்பாக இருந்தாலும் சரி, தட்டியது வீண் போகாது.

நாங்கள் மாடிப்படி ஏறினோம். செல்வி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பாதிப் படியில் நின்று, திரும்பாமலே பேசினாள்.

"பாவம் அல்லி. எத்தினி வருசம் ஒரே ரேஷன் கார்டுல இருந்துது. இப்ப தாமர பேர எடுத்துக்கினு மலைமேல போயி ஒட்டிக்கிச்சு."

ஆறு வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வேடிக்கை. நான் படியிலேயே நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

"மெதுவாக்கா" என்றாள். "மேடத்துக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்" என்றேன்.